ஐம்பத்தாறாம் அளவுக் கோட்டுகள்

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தையல் கூடத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஜிபார் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்து, தேநீர்க் குடுவையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, கைப்பேசியைத் திறந்தாள். விருந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தங்கை மேரிமைக் கட்டிக்கொடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுத்த வாரச் சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் முதன்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். வருகிற சம்பந்தியம்மாவுக்கு எல்லோர் முன்னிலையிலும் தோளில் புது உடுப்பு ஒன்றைப் போர்த்தி அனுப்ப வேண்டும். கியித் என்று அதற்குப் பெயர். பிஷ்கெக் நகரத்தில் ஆடு அறுக்காமல் விருந்து வைத்தவர்கள்கூட உண்டு. கியித் இல்லாமல் வைத்தவர்கள் இல்லை.

திருமணத்தன்றும் ஒன்று போர்த்தினாள். மொத்தச் சந்தையில் அவசரமாக வாங்கிய பழுப்புக் கோட்டு. சம்பந்தியம்மா அனார்கான் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறக் குனிந்தபோது இடது கைக்குழி டர்ரென்று கிழிந்தது. இருபது பேர் பார்த்தார்கள். மணப்பெண்ணின் அக்கா பதினாறு வருடமாகக் கட்டிங் மாஸ்டர் என்பதும் அந்த இருபது பேருக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்த வீட்டு மூத்த மருமகள் சோனுன், மேரிமைக் கூப்பிடுவதே "கிழிசல் வீட்டுப் பொண்ணே" என்றுதான். மேரிம் இதை முதல் முறை சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாம் முறையும் சிரித்தாள். மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

அதனால் இந்த முறை கொடுப்பது நல்லதாக இருக்க வேண்டும். பார்வைக்கு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. சந்தையில் தொங்கும் புதுக் கோட்டுகள் எப்படித் தயாராகின்றன என்பது ஜிபாருக்குத் தேவைக்கு மேலேயே தெரியும். அவற்றில் பாதியை அவளே வெட்டியிருந்தாள். காலருக்குள் பசை வைத்து ஒட்டிய துணி. இரண்டு மழைக்குத் தாங்கும். நல்ல கம்பளி, கையால் மடித்துத் தைத்த ஓரம், தோளில் உட்காரும் காலர் எல்லாம் இப்போது பழசில்தான் கிடைக்கின்றன. பழசோ கைப்பேசியில் கிடைக்கிறது.

"என்னடி, மறுபடியும் செத்தவங்க துணியப் பாத்துக்கிட்டு இருக்கியா?"

சய்ரகுல் அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள். அண்ணன் மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டுகிறான். அண்ணி அதே கூடத்தில் துணி ஓரம் பிசிறாமல் ஓவர்லாக் அடிக்கிறாள்.

"செத்தவங்க துணி இல்ல அண்ணி. ஜெர்மன்காரங்க துணி."

"உசுரோட இருக்கறவ இந்த மாதிரிக் கோட்டக் கழட்டுவாளா? சம்பந்திக்குப் பழசப் போத்தப் போறியா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க."

"தெரிஞ்சாத்தானே?" என்றாள் ஜிபார். புதுக் கோட்டில் தொங்குகிற அட்டை ஒன்றை அவள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். நூல் கோத்து மாட்டிவிட்டால் முடிந்தது.

பழைய துணி விற்கும் செயலியில் அவள் பார்த்துக்கொண்டிருந்த கணக்குக்கு "ஐம்பத்தாறு" என்று மட்டும்தான் பெயர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி மூடிய மலை. எட்டுக் கோட்டுகள் விற்பனைக்கு இருந்தன. எட்டும் ஒரே அளவு. ஒவ்வொன்றையும் ஒரு பச்சைப் போர்வைமேல் பரப்பி, குறுக்கே அளவுநாடா போட்டு, பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி இன்னொரு படமும் எடுத்திருந்தார்கள். விற்கிறவர்கள் யாரும் உள்பக்கத்தைக் காட்டுவதில்லை. சாம்பல் நிறக் கோட்டுக்குக் கீழே இப்படி இருந்தது:

"சுத்தக் கம்பளி. ஒரு தடவைகூடப் போடவில்லை. கை அறுபத்து நான்கு செ.மீ., எனக்கு ஐந்து அதிகம். தோள் பிடிக்கிறது. கோட்டில் குறை இல்லை. குறை என் உடம்பில்."

ஜிபார் எழுதினாள்: "கைக்குழியோட உள்பக்கம் ஒரு படம் அனுப்ப முடியுமா?"

பதில் உடனே வந்தது. "எல்லாரும் கலரக் கேப்பாங்க. நீங்க கைக்குழியக் கேக்கறீங்க. தையக்காரங்களா?"

"கட்டிங்."

இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. தையலை ஒரு தடித்த கட்டைவிரல் விரித்துப் பிடித்திருந்தது. இரட்டைத் தையல், பிசிறே இல்லை.

"யாருக்கு வாங்கறீங்க?"

"ஒரு பெரிய மனுஷிக்கு. உங்க அளவுதான்."

"பாவம்."

"ஏன்?"

"இந்த உடம்பு உள்ளவளுக்கு எல்லாரும் கோட்டுதான் குடுப்பாங்க. வேற எதுவுமே தோணாது."

ஜிபார் சிரித்துவிட்டாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகவும் அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதினாள். "எடுத்து வைக்கிறேன். வார்த்தை வார்த்தைதான்" என்று பதில் வந்தது.

வேலை முடிந்தது என்ற நிம்மதியில், மற்றக் கோட்டுகளையும் சும்மா தள்ளிப் பார்த்தாள். கடைசியில் இருந்தது ஒரு பழுப்புக் கோட்டு.

"ஒரு தடவை போட்டேன், பன்னிரண்டு நிமிடம். இடது கைக்குழி கிழிந்தது. நானே தைத்தேன். இப்போது வலதைவிட இடது உறுதி. வாங்குபவர் இதை அறிந்து வாங்கவும்."

மூன்றாவது பொத்தானைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மற்றவற்றில் நான்கு துளை, அதில் இரண்டு. வாங்கும்போதே விழுந்திருந்த பொத்தானுக்குப் பதிலாக, கூடத்துப் பெட்டியிலிருந்து எடுத்து அவளே தைத்தது.

தேநீர்க் குடுவையைத் தேடி எடுத்தாள், குடிக்கவில்லை, மூடிவிட்டாள்.

ஆக, அனார்கானின் கோட்டை வாங்கி அனார்கானுக்கே போர்த்தவிருந்தாள். அந்தச் சாம்பல் கோட்டும் வேறு சம்பந்தி வீட்டார் யாரோ போர்த்தியதாகத்தான் இருக்கும். போர்த்தியவர்கள் விருந்தில் உட்கார்ந்திருந்தால்?

மறுநாள் மேரிமைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"உன் மாமியாருக்கு என்னடி பிடிக்கும்?"

"எதுவும் வேணாம்னுதான் சொல்வாங்க." மேரிம் குரலைத் தாழ்த்தினாள். "கோட்டு மட்டும் வேணாம்க்கா."

"ஏன்?"

"சும்மாதான் சொன்னேன்."

"கோட்டு நெறய இருக்கா வீட்ல?"

"அக்கா, அந்த வீட்டுக் கதைய இங்க பேசறதில்லன்னு வச்சிருக்கேன். நீதானே அப்படி இருக்கச் சொன்னே. சோனுன் வேற எப்ப என்ன சாக்குக் கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருக்கா. வச்சிடட்டுமா?"

வைத்துவிட்டாள். ஜிபாருக்குக் கோபம் வரவில்லை. கணக்கைப் பற்றித் தங்கைக்குத் தெரியும் என்பது புரிந்தது. சொல்ல மாட்டாள் என்பதும் புரிந்தது.

அந்தக் கணக்கை மறுபடி திறந்தபோதுதான் விற்பனைப் பட்டியலுக்குக் கீழே "தேவை" என்று ஒரு மூலை இருப்பது கண்ணில் பட்டது. அதில் ஒரே ஒரு குறிப்பு:

"மலையேற மேலுடை. உள்ளே வாத்தின் மென்சிறகுத் தூவி. லேசாக இருக்க வேண்டும். பழையது பரவாயில்லை, மட்டமானது வேண்டாம். ஆண்களுடையதும் சரி. ஒவ்வொரு ஞாயிறும் நடக்கப் போகிறேன். கோட்டுப் போட்டுக்கொண்டு மலை ஏற முடியாது. ஓராண்டாகத் தேடுகிறேன்."

ஜிபார் ஒரு காகிதம் எடுத்தாள். எட்டுக் கோட்டுகளின் அளவுகளையும் வரிசையாக எழுதினாள். சாம்பலின் கை அறுபத்து நான்கு, ஐந்து அதிகம். நீலத்தின் கை அறுபத்திரண்டு, மூன்று அதிகம். கறுப்பின் கை அறுபத்து மூன்று, நான்கு அதிகம். கழித்தால் எல்லாவற்றிலும் ஐம்பத்தொன்பது. தோளும் அப்படித்தான், மார்பும் அப்படித்தான். நாடாவையே தொடாமல் ஒரு பெண்ணின் உடம்பு முழுக்கக் காகிதத்தில் வந்துவிட்டது. அகன்ற தோள், குட்டைக் கை. இத்தனை வருடமாக யாரும் அவரை அளந்து பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை மதியம், நேரலையில் மூட்டை பிரித்து விற்கும் ஒரு பெண் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "சுவிட்சர்லாந்து மூட்டை, அக்காமாரே! நம்பர் பதினேழு, ஆம்பள சைஸ், உள்ள அசல் வாத்து! யாரு முதல்ல பிளஸ் போடறாங்களோ அவங்களுக்கு!"

ஆரஞ்சு நிறம். ஜிப் நேராக ஓடியது. அழுத்தி விட்டதும் பஞ்சுபோல உப்பி எழுந்தது. ஜிபாரின் விரல் அவசரத்தில் வழுக்கி, பிளஸ் இருந்த இடத்தில் வேறு எதையோ தட்டியது.

"விழுந்துச்சுடி!" என்று பின்னாலிருந்து கத்தினாள் அண்ணி. "எனக்கு விழுந்துச்சு!"

"நீங்க எப்ப அண்ணி இதுல சேந்தீங்க?"

"நேத்து. நீ பாக்கறதப் பாத்துப் பாத்து எனக்கும் கை அரிச்சுது. அது இருக்கட்டும், இந்தக் கேரட்டு யாருக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கு."

அண்ணி விரலை மடக்கி எண்ணிக் காட்டினாள். "பழசு. ஆம்பளது. அதுவும் கேரட்டுக் கலரு. நல்லா யோசிச்சுக்கோ. கோட்டு கிழிஞ்சதுக்கு நாலு மாசம் பேசினாங்க. இதுக்கு மேரிம் பேரப்பிள்ள எடுக்கற வரைக்கும் பேசுவாங்க."

ஜிபார் யோசித்துத்தான் இருந்தாள். இன்னொரு புதுக் கோட்டைப் போர்த்தினால் யாரும் எதுவும் பேச மாட்டார்கள். அது ஒன்பதாவதாகப் பச்சைப் போர்வைமேல் கிடக்கும். "இதுவும் அந்த வீட்டிலிருந்து வந்ததுதான்" என்று அனார்கான் மனதுக்குள் சொல்லிக்கொள்வார், மேரிமும் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

தூவி வைத்த உடுப்பை அப்படியே வெட்ட முடியாது. வெட்டினால் வாத்து முழுக்க வெளியே வந்துவிடும். வெட்ட வேண்டிய இடத்துக்கு இரு பக்கமும் முதலில் தையல் ஓட்டி, தூவியை அடைத்து, அதன் பிறகுதான் நடுவில் கத்தரி வைக்க வேண்டும். இரண்டு மாலை வேலை முடிந்தபின் அண்ணியும் அவளும் அதைச் செய்தார்கள். தோளைத் தொடவில்லை, கையைக் குறைத்தார்கள், இடுப்பில் பக்கத் துணி சேர்த்து விரித்தார்கள். அப்படியும் அண்ணியின் புருவத்தில் தூவி ஒட்டியிருந்தது. எடுத்து வைத்திருந்த புதுக் கோட்டு அட்டையைப் பார்த்த ஜிபார், அதைக் குப்பையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை "ஐம்பத்தாறு" எழுதியது: "வர்றீங்களா?"

வேண்டாம் என்று சொல்ல விரல் வரவில்லை. "ஞாயித்துக்கிழம வாங்கிக்கறேன், மன்னிச்சுக்குங்க" என்று எழுதினாள்.

சனிக்கிழமை மதியம் வந்தார்கள். அனார்கான், அவர் கணவர், மேரிமும் அவள் கணவனும், மூத்த மருமகள் சோனுன். தரையில் விரித்த துணியில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளும் ஜாமும் உலர்பழங்களும் நிறைந்திருந்தன. கறி வந்தது, மரியாதைப்படி யாருக்கு எந்த எலும்பு என்பதில் தப்பு நடக்கவில்லை. அனார்கான் கொஞ்சமாகப் பேசினார், நிறையச் சாப்பிட்டார். மேரிம் கறி வெந்த சாற்றைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கும் போத்தப் போறீங்களா?" என்றாள் சோனுன். "அத்தை மெதுவாக் குனியணும்."

அவள் கணவன் வராததால் அவளை அடக்க ஆளில்லை. ஜிபார் எழுந்து உள்ளே போய் எடுத்து வந்தாள். விரித்ததும் அறையில் ஆரஞ்சு வெளிச்சம் அடித்ததுபோல இருந்தது.

"இது... பழசு மாதிரி இருக்கே?" என்றாள் சோனுன்.

"பழசுதான்," என்றாள் ஜிபார். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "புதுசு இல்ல சம்பந்தியம்மா. ஆனா நல்லது."

அனார்கானின் கணவர் மீசையைத் தடவிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். அண்ணி ஒரு மாவு உருண்டையை வாயில் போட்டு மெல்லாமல் வைத்திருந்தாள். அனார்கான் கையைத் துடைத்துக்கொண்டு உடுப்பை வாங்கினார். உள்பக்கம் திருப்பினார். தையலைக் கட்டைவிரலால் விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு எழுந்து நின்று போட்டுக்கொண்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார்.

கை மணிக்கட்டில் வந்து சரியாக நின்றது. அனார்கான் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி அந்த மணிக்கட்டுகளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண் மேரிமின் பக்கம் திரும்பியது.

"நன்றி சம்பந்தி," என்றார். "மேரிம், கொஞ்சம் சமையக்கட்டுக்கு வா."

ஜிபார் அவர்கள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள். அனார்கான் அவள் வந்ததைக் கவனித்தாலும் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"உன்ன வாய் அடக்கமான பொண்ணுன்னு நெனச்சேன். என் கையளவ யாரு சொன்னா? ஞாயித்துக்கிழமை விஷயத்த யாரு சொன்னா? கோட்டக் குடுக்காம இதக் குடுத்திருக்காங்கன்னா, அந்தக் கோட்டு விஷயமும் இங்க வந்தாச்சு. வேற என்னென்ன சொல்லியிருக்கே?"

"நான் ஒண்ணும் சொல்லல அத்தை." மேரிமின் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அந்த வாத்து கனவுல வந்து சொல்லுச்சா?"

"அவ சொல்லல," என்றாள் ஜிபார். "நான் கேட்டேன். அந்த வீட்டுக் கதைய இங்க பேசறதில்லன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி போன வச்சுட்டா. சொன்னது நீங்கதான்."

கைப்பேசியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். அனார்கான் கண்ணாடி கொண்டுவரவில்லை. கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, உதடு அசைய, தான் எழுதியதையே படித்தார்.

"கட்டிங்..." என்றார். "நீயா?"

"நாந்தான்."

"அப்ப அந்தப் பெரிய மனுஷி?"

"நீங்கதான்."

அனார்கான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என் கோட்ட எங்கிட்டயே வாங்கி எனக்கே போத்த இருந்தியா?"

"புது அட்ட மாட்டலாம்னுகூட இருந்தேன்," என்றாள் ஜிபார். அதையும் சொல்லிவிட்டால்தான் தங்கையின் பக்கம் முழுக்கத் துலங்கும் என்று தோன்றியது. "கீழ அந்தப் பழுப்புக் கோட்டப் பாத்ததுக்கப்பறந்தான் யாருன்னு தெரிஞ்சுது. அளவு எல்லாம் நீங்க எழுதினதக் கழிச்சுப் பாத்தது. எட்டுக் கோட்டுக்கும் ஒரே கணக்கு வந்துச்சு."

முதலில் அனார்கானின் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. "அந்தச் சாம்பக் கோட்டு யாரு போத்துனதுன்னு தெரியுமா? சோனுனோட அம்மா! நீ அதப் போத்தியிருந்தா... அவ கண்ணு முன்னால... ஐயோ!" கண்ணைத் துடைக்கப் புது உடுப்பின் கையைத் தூக்கி, அழுக்காகிவிடுமென்று பயந்து, சமையல் துண்டை எடுத்துத் துடைத்தார்.

"என்ன அங்க சிரிப்பு?" என்று சோனுனின் குரல் கேட்டது.

"தேநீர் கொதிக்குது!" என்று பதில் சொன்னார் அனார்கான்.

பிறகு மேரிமைப் பார்த்தார். அவள் இன்னும் சுவரோரமாகவே நின்றிருந்தாள். அனார்கான் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, தானே தேநீர் ஊற்றி, பால் சேர்த்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மாமியார் மருமகளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்ததை ஜிபார் எங்கும் பார்த்ததில்லை. மேரிமும் பார்த்திருக்க மாட்டாள். வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் திணறி, கடைசியில் வாங்கிக்கொண்டாள்.

"நான் அவசரப்பட்டுட்டேன்," என்றார் அனார்கான். "குடி."

அறைக்குத் திரும்பியதும் மேலுடையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. "கழட்டுங்க அத்தை, வேகுது," என்றாள் சோனுன். "பழச எதுக்கு இவ்வளவு நேரம்?"

"எனக்கு இதுவரைக்கும் பன்னெண்டு பேர் போத்தியிருக்காங்க. எனக்குன்னு யோசிச்சு ஒருத்திதான் போத்தியிருக்கா. நான் கழட்ட மாட்டேன்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "அப்பறம் சோனுன், அவளுக்கு மேரிம்னு பேரு இருக்கு," என்றார்.

சோனுன் ஜாமை எடுத்து அநாவசியமாக நிறையத் தடவிக்கொண்டாள். அண்ணி வாயிலிருந்த மாவு உருண்டையை ஒருவழியாக மென்று முடித்தாள்.

புறப்படும்போது ஆண்கள் முன்னால் இறங்கிவிட, சோனுன் அவர்களோடு போனாள். அனார்கான் வாசலில் குனிந்து காலணி போட்டுக்கொண்டே கேட்டார்.

"சாம்பக் கோட்டு என்ன ஆச்சு? வார்த்த வார்த்ததான்."

"வாங்கிக்கறேன். எனக்கே."

"உனக்கா? உள்ள ரெண்டு ஜிபார் நுழையலாமே."

"வெட்டிக்கறேன்."

"அத வெட்டறதுன்னா உன்ன மாதிரி ஆளுதான் வெட்டணும்." அனார்கான் நிமிர்ந்தார். "வீட்டுப் பக்கம் வராதே, சோனுன் இருப்பா. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு மலைக்குப் போற பஸ் நிக்குமில்ல, அங்க வா. இவ கையில குடுத்து அனுப்பறேன். எப்படியும் இவளும் என்கூட வர்றா."

"நானா?" என்றாள் மேரிம்.

"நீதான். எங்க கூட்டத்துல எல்லாரும் பேசிக்கிட்டே ஏறி, பாதி வழியில மூச்சு வாங்கி உக்காந்துடறாங்க. வாயத் தொறக்காம ஏற ஒருத்தி வேணும்."

படியில் அவர் இறங்கும் சத்தம் கனமாகக் கேட்டது. ஆரஞ்சு நிறம் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. மேரிம் தன் மெல்லிய, குதி உயர்ந்த காலணிகளைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள்.

"இதுல எப்படிக்கா ஏறுறது?"

"உன் காலு இப்ப என்ன நம்பர்?"

"முப்பத்தேழு."

ஜிபார் கைப்பேசியைத் திறந்தாள்.